சங்குப்பூவும் மூன்றாம் தண்ணீரும்

லாண்டரிக்காரியிடம் யாரைப் பற்றியாவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதற்குப் பதில் கல்லில் நார் உரிக்கலாம். தெருவில் அவளிடம் துணி போடாத வீடு குறைவு. அவள் வாயில் விழாத வீடு அதைவிடக் குறைவு. அழுக்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் போதும், வீட்டின் லட்சணம் அவளுக்குத் தெரிந்துவிடும். சட்டையின் காலர் சுத்தமாக இருந்து முழங்கையில் மட்டும் அழுக்கு இருந்தால், அவன் மேஜையில் கை ஊன்றித் தூங்குகிறவன். தலையணை உறை எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்திருந்தால், அந்த வீட்டில் வாசலை மட்டும்தான் பெருக்குகிறார்கள். "வெளிய வந்தா மினுக்கு, உள்ள போனா அழுக்கு" என்று இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வதுபோலச் சொல்வாள். ஈரத் துணியில் பட்ட பெட்டி 'உஸ்' என்று ஆமோதிக்கும்.

ஆனால் இருக்கிற ஏளனத்தையெல்லாம் வெளியாருக்கே அள்ளிக் கொடுத்துவிடுகிற ஊதாரி இல்லை அவள். நல்ல பங்கை வீட்டுக்கென்று, தன் புருஷனுக்கென்று, பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

அவர் லிஃப்ட்காரர். பல மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குவதே அவர் உத்தியோகம். பொத்தானை வருகிறவர்களே அமுக்கிக்கொள்வார்கள் என்பது ஒருநாள் நிர்வாகத்துக்கு உறைத்தது. அவரை ஸ்டூலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டூல் கடையில் துணி அடுக்கப் பயன்பட்டது. அவரை எதில் வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"வாழ்நாள் முழுக்க மேலயும் கீழயும் போயிட்டு வந்தாரு. எங்கயும் போய்ச் சேரல" என்பாள் பக்கத்துப் போர்ஷன் தங்கையிடம். தங்கை தையல்காரி. ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சிரிப்பாள்.

அவரை அவள் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. 'நீங்க', 'வாங்க', 'உங்க' தான். மற்றவர்கள் 'டேய்' போட்டுத் திட்டினால்கூட ஏறாத காரத்தை அந்த 'ங்க'வில் ஏற்ற அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் லிஃப்ட்காரர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் தேவலை என்பது அவள் கட்சி. மீன் வளர்த்தார், மீன்கள் வயிற்றை மேலே காட்டின. காளான் வளர்த்தார், மூட்டைகளில் வேறு ஏதோ வளர்ந்தது. அதற்குப் பிறகுதான் சங்குப்பூவுக்கு வந்தார்.

ரயில் பாதை ஓரத்துக் கம்பிவேலியில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், குப்பையோடு குப்பையாகப் படர்ந்து கிடக்கிற கொடி அது. நீலமாகப் பூக்கும், காலையில் விரிந்த பூ சாயங்காலம் சுருண்டுவிடும். அவர் அதன் காய்ந்த காய்களைச் சட்டைப்பை நிறையப் பறித்து வந்து, விதையை எடுத்து, அவளுடைய துவைக்கிற கல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"விதைக்குத் தோலு கெட்டிம்மா. கொஞ்சம் தேச்சு வெதுவெதுப்பான தண்ணில ஊறப்போட்டாத்தான் சீக்கிரம் முளைக்கும்."

"ரயிலடியில யாரு உக்காந்து தேச்சாங்க?"

அவர் யோசித்தார். "அங்க அதுக்கு அவசரம் இல்ல" என்றார்.

"இங்க உங்களுக்கு என்ன அவசரம்? ஆபீஸுக்கு நேரமாச்சா?"

விதை அவளுடைய கஞ்சி போடும் குவளையில் ஊறியது. மறுநாள் குவளையை அவள் மூன்று முறை புளி போட்டுத் தேய்த்தாள், அவர் பார்க்கும்படியாக. ஊரான் பிள்ளை ரோட்டோரம் அவிழ்த்துவிட்ட மாட்டை இவர் தொழுவம் கட்டி வளர்க்கிறார் என்று தங்கையிடம் முறையிட்டாள்.

வீட்டின் முன்னறை கடை. நடுவறையில் படுக்கை, சமையல், சண்டை எல்லாம். பின்னால் சிமெண்ட் தளம்: சலவைச் சோடா போட்டு வேகவைக்கிற அண்டா, அதையடுத்து மூன்று தொட்டிகள், துவைக்கிற கல், சுவரோரமாக இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கம்பிகள். தளத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ அகலத்துக்கு மண். கொடியை அங்கே வைத்தார். அது பந்தலுக்குக் காத்திருக்கவில்லை. அவளுடைய கம்பத்தைச் சுற்றி ஏறி, கம்பியைப் பிடித்து, துணி காய்கிற இடத்தில் பாதியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டது.

வாடிய பூ ஒன்று டாக்டர் வீட்டு வேட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்த அன்று, காய்கறி நறுக்குகிற கத்தியோடு போய் அடியிலேயே வெட்டிப் போட்டாள். லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிய கொடியைச் சுருட்டி ஓரமாக வைத்தார். ஆம்பளை என்றால் கோபமாவது வரவேண்டாமா என்று அவளுக்கு அதற்கும் இளக்காரம்.

மழை விழுந்ததும் ஒன்று இருந்த இடத்தில் மூன்று துளிர்கள் நின்றன.

"வேர் இருக்கும்மா" என்றார் அவர். "வருஷா வருஷம் வர்ற கொடி. அவரை இனம். மேல வெட்டினா, அது கீழ உக்காந்து யோசிச்சுட்டு வரும்."

"கொடியாவது யோசிக்குதே, சந்தோஷம்."

அதன்பின் வெட்டுவதை விட்டாள். தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக, "அந்தச் சனியனுக்காக என் கத்தி மழுங்கணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி வைத்தாள். அவரும் கொடியைக் கம்பியிலிருந்து பிரித்து, சுவரில் ஆணி அடித்து, கயிறு கட்டித் திருப்பிவிட்டார்.

பூவை வைத்து என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பறித்து நிழலில் உலர்த்தினார். வெந்நீரில் போட்டார். தண்ணீர் நல்ல நீலமாயிற்று. அதை டீ என்றார்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சா ஊதாவா மாறும், பாரு" என்று தங்கைக்குச் செய்து காட்டினார். டம்ளரில் நீலம் கலைந்து ஊதாவாயிற்று. தங்கை கைதட்டினாள்.

"மாமா, ஜாலவித்தை மாதிரி இருக்கு!"

"ருசி எப்படி இருக்கு?" என்றாள் லாண்டரிக்காரி.

தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு, ஊசியைத் தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தாள். "எலுமிச்சம்பழம் நல்லா இருக்குக்கா."

"துணி அலசின தண்ணியில கொஞ்சம் மொண்டு குடிச்சிருந்தா இந்தப் பாடு வேண்டாம். அதுவும் இதே நிறந்தான்."

அதோடு அடுப்படியில் அவருடைய கஷாயத்துக்குத் தடை விழுந்தது. சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது, சமையல் அலமாரியில் வைக்கக்கூடாது, நல்ல பாட்டில் எதையும் எடுக்கக்கூடாது. மனுஷன் என்ன செய்வார்? பூவைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, அவள் தூக்கியெறிந்த பெரிய சொட்டுநீல பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினார். அடுப்படியில் இடமில்லாததால் பின்கட்டில், தொட்டிக்கு மேலிருந்த பலகையில் வைத்தார். வைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தார்.

"இங்க பாரும்மா, அந்த நீல பாட்டில்..."

"உங்க கதைய அப்புறம் வெச்சுக்குங்க, பெட்டி சூடாயிருக்கு."

சாப்பிடும்போது இன்னொரு தடவை ஆரம்பித்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அவளுக்கு வெகுகாலப் பழக்கம். பல் தேய்ப்பது போல, யோசிக்காமலே செய்வாள்.

இந்தச் சமயத்தில்தான் மேட்ரன் வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த சிறிய ஆஸ்பத்திரியின் துணி மொத்தமும் லாண்டரிக்காரியிடம்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நர்சுகளின் வெள்ளை உடுப்பு. தெருச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது கைச்செலவுக்கு; வாடகையும் அரிசியும் ஆஸ்பத்திரி மூட்டையிலிருந்து வருவது. நர்சுகளுக்குத் தலைவியான மேட்ரன் ஒருபோதும் தானாக வந்ததில்லை, ஆள்தான் அனுப்புவாள். அன்றைக்கு நேரில் வந்து கடை வாசலில் நின்றாள். கஞ்சி போட்ட தொப்பி தலையில் விறைத்து நின்றது. அந்தக் கஞ்சியும் லாண்டரிக்காரி போட்டதுதான்.

"உங்க விரிப்புல படுக்கறவங்களுக்கு அரிப்பு எடுக்குதும்மா. முதுகெல்லாம் தடிச்சுப் போகுது. டாக்டர் என்னைப் புடிச்சுக் கேக்கறாரு."

"அரிப்பும் எரிச்சலும் இல்லாட்டி எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க?"

"கால் ஒடிஞ்சு வந்தவனுக்கு முதுகு எதுக்கும்மா அரிக்கணும்?"

"அத அவனத்தான் கேக்கணும். வீட்ல குளிக்கிறானோ என்னமோ."

மேட்ரன் சிரிக்கவில்லை. "துணியில சோடா நிக்குதுன்னு நினைக்கிறேன். அலசறது போதல."

"என் அலசலையா சொல்றீங்க? மூணு தொட்டி, மூணு தண்ணி! இந்தத் தெருவுல ஒரு துணிக்கு ஒரு தண்ணி காட்டறதுக்கே மூக்கால அழறாங்க." சொல்லும்போதே வலது தோளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வர்ற மூட்டையப் பார்க்கறேன். அதுலயும் இப்படின்னா எதிர்த்தாப்ல மெஷின்காரர்கிட்ட மாத்திடுவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மெஷின்காரன்! கண்ணாடிக் கதவு போட்டு, பெரிய மெஷின்கள் இரண்டை உருட்டவிட்டு, அதன் முன்னால் நாற்காலியில் சாய்ந்து போன் பார்க்கிற சோம்பேறி. கை நனையாமல் துணி துவைக்கிறவனை அவள் சலவைக்காரன் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. மேட்ரன் போனபிறகு வெகுநேரம் பேசினாள். மேட்ரனின் தொப்பி, டாக்டரின் காது, ஒடிந்த காலின் சொந்தக்காரன் முதுகு, எதையும் விடவில்லை. லிஃப்ட்காரர் குறுக்கே, "ஒருவேளை சோடா கொஞ்சம்..." என்றார்.

"நீங்க பொத்தான் அமுக்குங்க" என்றாள்.

மூட்டை வந்தது. விடிந்ததும் அண்டாவில் சோடா போட்டு விரிப்புகளை வேகவைத்தாள். கல்லில் வைத்துக் கசக்கினாள். முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி, மூன்றாம் தொட்டி. கடைசியில் வாளியில் நீலம் போட்டு முக்கி எடுக்கவேண்டும். பலகையிலிருந்து பாட்டிலை எடுத்துச் சாய்த்தாள். வழக்கத்தைவிட நீர்த்தாற்போல் இருந்தது. கடைக்காரப் பயல் தண்ணீர் கலந்து விற்கிறான் என்று அவனுக்கும் இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டு, கூடக் கொஞ்சம் ஊற்றினாள். வாளித் தண்ணீர் நீலமாயிற்று. விரிப்புகளை முக்கி, பிழிந்து, கம்பியில் போட்டு விரித்தாள்.

வெள்ளை விரிப்பில் பச்சைக் கோடுகள்.

மேலே மெல்லிய நீலம். நடுவே நெடுக, மடிப்பு இருந்த இடமெல்லாம், குளத்துப் பாசி படிந்ததுபோலப் பச்சை. ஓரத்தில் மடித்துத் தைத்த கரை முழுவதும் பச்சை. அடுத்த விரிப்பும் அப்படியே. அதற்கடுத்ததும். கம்பி நெடுக ஆஸ்பத்திரியின் மானமும் அவள் மானமும் பச்சையாகத் தொங்கின.

அவள் போட்ட சத்தத்தில் தங்கை கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். லிஃப்ட்காரர் வாயில் பல்குச்சியோடு வந்தார். கம்பியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"அது என்னோட பூத்தண்ணி" என்றார். "சொன்னேனேம்மா. ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்னாராம்! எத்தன சொல்றீங்க, எதைன்னு கேக்கறது? துவைக்கிற இடத்துல டீயைக் கொண்டாந்து வைக்கிற மனுஷன் உலகத்துல உண்டா?"

"அடுப்படில வைக்கக்கூடாதுன்னு..."

"அதுக்கு ரயிலடியில போய் வைக்கறது! கொடியோட பொறந்த இடந்தானே?"

"அக்கா, மாமாவ விடுக்கா" என்றாள் தங்கை. "எலுமிச்சம்பழத்துக்கு ஊதாவாச்சு. இதுல எதுக்குப் பச்சையாச்சு?"

"உன் மாமா கைபட்டா எதுதான் உருப்படியாகும்? பச்சையாகும், பூசணம் பூக்கும், வயித்த மேல காட்டி மிதக்கும்."

இருவரையும் விரட்டிவிட்டாள். தளத்தில் தனியாக நின்று ஒரு விரிப்பை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். பச்சை போயிற்று. நீலமும் போயிற்று. இரண்டு கசக்கு கசக்கியதற்குள் துணி வெளுத்துவிட்டது. நின்று ஒட்டிக்கொள்ளக்கூட வக்கில்லாத சாயம். வளர்த்தவர் குணம் அப்படியே இறங்கியிருக்கிறது என்று முணுமுணுத்தாள். பெரிய ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் திட்டுவதற்கு இன்னும் தெம்பு வந்தது.

அப்போதுதான் தங்கை கேட்டுவிட்டுப் போன கேள்வி காதில் திரும்பி வந்தது. எதற்குப் பச்சை?

மேல்பக்கம் நீலம். மடிப்புக்குள் மட்டும் பச்சை. கரையில் பச்சை.

மக்கில் குழாய்த் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் விட்டாள். நீலமாகவே இருந்தது. அண்டாவிலிருந்து சோடாத் தண்ணீரை ஒரு கை அள்ளி அதில் விட்டாள். கண்ணெதிரே பச்சையாயிற்று.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோளில் வலி வந்து எத்தனையோ மாதமாயிற்று. வலது கை தோளுக்கு மேல் போனால் உயிர் போகும். யாரிடமும் சொல்லவில்லை. தோள்வலி, இடுப்புவலி என்று வருகிறவர்களைப் பார்த்து, "உக்காந்து தின்னா உடம்பு பேசும்" என்று சொல்லியே பழகியவள். தன் உடம்பு பேசுகிறது என்று எந்த வாயால் சொல்வது? ஈர விரிப்பைப் பிரித்து உதறி அலசினால்தானே தோள் இழுக்கிறது? நாலாக மடித்து, மடித்தபடியே தொட்டியில் முக்கி முக்கி எடுத்தாள். மூன்று தொட்டி, மூன்று தண்ணீர்; அதில் பொய் இல்லை. மூன்று தண்ணீரும் மடிப்புக்கு வெளியிலேயே நின்று திரும்பிவிட்டன, அவ்வளவுதான். உள்ளே சோடா அப்படியே இருந்திருக்கிறது. கால் ஒடிந்தவன் அதன்மேல்தான் படுத்து முதுகைச் சொறிந்திருக்கிறான்.

ஊரில் அத்தனை பேர் துணி மடிப்புக்குள்ளும் கண் போகிறவளுக்குத் தன் மடிப்பு தெரியவில்லை. இதைக் காட்டிக்கொடுக்க ரயிலடிக் கொடி வரவேண்டியிருந்தது. அதுவும் யார் வளர்த்தது!

மேட்ரன் சொன்ன கடைசி மூட்டை இதுதான். பிரித்து அலசாவிட்டால் போயிற்று. பிரித்து அலசத் தன் ஒரு தோளால் ஆகாது. தங்கையைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் தெருவில் ஊசி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். கொடி யோசித்த அளவுக்கு. பிறகு உள்ளே பார்த்து, "எங்க இருக்கீங்க? பண்ணின கூத்துக்கு வந்து கை குடுங்க. உங்க சாயத்த நானா கழுவணும்?" என்று சத்தம் போட்டாள்.

லிஃப்ட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனைகள் அவளிடம். பிரித்துத் தொட்டியில் இறக்கி, ஆட்டி, தூக்கினார்கள்.

"இன்னும் மேல தூக்குங்க. வேலை பார்த்த பழக்கந்தானே? மேல, கீழ, மேல, கீழ."

"எத்தனாவது மாடி?" என்றார் அவர்.

சிரிப்பு வந்தது. வாயை இறுக்கிக்கொண்டாள். "முறுக்கறீங்களா, துணிக்கு ஆறுதல் சொல்றீங்களா? நல்லா முறுக்குங்க."

ஒவ்வொரு விரிப்புக்கும் மூன்றாம் தொட்டித் தண்ணீரில் ஒரு மக் மொண்டு, அவர் முதுகைத் திருப்பும் நேரம் பார்த்து, பூத்தண்ணீர் சில சொட்டு விட்டாள். முதலில் பச்சை காட்டியது. தண்ணீரை மாற்றினாள். மறுபடி லேசாகப் பச்சை. மறுபடி மாற்றினாள். நீலம் நீலமாகவே நின்றபிறகுதான் விரிப்பு கம்பிக்குப் போயிற்று. அவர் பார்க்கவில்லை என்றே நினைத்தாள். பாதி வேலையில் பாட்டில் காலியாகி அவள் வெறும் பாட்டிலை உதறிக்கொண்டு நிற்கையில், அவர் கொடிப்பக்கம் போய், அன்றைய பூவை ஒரு கை பறித்து, வெந்நீரில் கசக்கி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்காத பக்கத்துக் கையால புடி" என்றார். "இதத் தூக்காத."

அவள் கையை மாற்றிக்கொண்டாள்.

அடுத்த மூட்டையோடு மேட்ரனே வந்தாள். "அரிப்பு நின்னு போச்சும்மா. என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செய்யறது? அன்னிக்குச் செஞ்சதத்தான் இன்னிக்கும் செஞ்சேன். உங்க ஆளுங்க குளிக்க ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள் லாண்டரிக்காரி. சொல்லிக்கொண்டே மூட்டையை இடது கையால் உள்ளே இழுத்துப் போட்டாள். மேட்ரனின் கஞ்சித் தொப்பி அன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைச் சொல்லாமல் அனுப்பினாள். தெருவே பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான்.

அதன்பின் துணி வேகிற நாளில் லிஃப்ட்காரருக்குத் தொட்டியடியில் உத்தியோகம் நிரந்தரமாயிற்று. அவர் முறுக்குவதைப் பற்றி அவள் தெருவில் சொன்ன கதைகளுக்கு அளவில்லை. சுவரில் ஆணிகள் போதவில்லை, இன்னும் இரண்டு அடியுங்கள் என்றாள். கொடி கம்பியில் ஏறாமல் இருக்கத்தான் என்று காரணமும் சொன்னாள். காய் முற்றிய சமயம் துவைக்கிற கல்லில் தேய்த்த விதைகள் சில இருந்தன. அவர் தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேயும். இவை ஒழுங்காகத் தேய்ந்திருந்தன.

ஒருநாள் காலை, அவர் எழுந்திருப்பதற்கு முன் அவள் சுவரோரம் நின்று பூப் பறித்துக்கொண்டிருப்பதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, நீயும் டீ குடிக்க ஆரம்பிச்சுட்டியா?"

"த்தூ" என்றாள் லாண்டரிக்காரி. "இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா?"

மடியிலிருந்த பூவை மக்கில் கொட்டி வெந்நீர் ஊற்றி, மூன்றாம் தொட்டிக்கு மேலே கைக்கு எட்டும்படி வைத்தாள்.